தருமபுரியில் மன்றோ துரை

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடிக் கடல் கடப்போர் படும் பாடு நம் குடும்பங்களுக்குப் புதியதன்று. வளைகுடா நாடுகளிலும், மலேசியா, சிங்கப்பூர் முதலிய இடங்களிலும் உழைக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் நம் சங்கத்தில் பலர் உளர். மாதந்தோறும் வரும் பணத்தைப் பற்றி ஊரார் பேசுவர். அப்பணத்தை அனுப்புகின்றவன் எங்கே படுத்தான், எதை உண்டான் என்று கேட்போர் சிலரே. அத்தகைய வாழ்வு வாழ்ந்த ஒருவருடைய சரித்திரத்தை இம்மாத இதழில் எழுதப் புகுகின்றோம். ஆயின், இவர் இங்கிருந்து அங்குச் சென்றவர் அல்லர். அங்கிருந்து இங்கு வந்தவர். நம் தருமபுரியே இவருக்கு அயல்நாடு. இவர்தாம் ஸர் தாமஸ் மன்றோ. முதியோர் நாவில் மன்றோ துரை.

கம்பெனியாரின் ஊழியர் ஒருவரை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நம் நாட்டைப் பிடித்த படையில் ஒருவராக வந்தவர் இவர். நம் குடிகளிடம் தீர்வை வாங்கி அந்நியர் கருவூலத்தை நிரப்பியவர்களுள் ஒருவர். அதனை நாம் மறைக்கவில்லை. ஆயினும் வறுமையோடு வந்த இம்மனிதர், தமக்கு இடமளித்த மண்ணை என்றும் மறவாதவராய், அம்மண்ணின் மக்கள் மீது தம் இனத்தார் பலரும் வைக்காத நம்பிக்கையை வைத்தார். அந்நன்றியும் நம்பிக்கையும் எவ்வாறு பிறந்தன என்பதே நாம் இங்கே காண விரும்புவது.

மன்றோ 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் அலெக்ஸாண்டர் மன்றோ அமெரிக்காவின் வர்ஜீனியா நாட்டோடு புகையிலை வாணிகம் செய்த செல்வர். சிறு பிராயத்தில் மணல்வாரி அம்மை கண்டு மன்றோவின் காதுகள் மந்தமாயின. அக்குறை இறுதிவரை நீங்கவில்லை. படிப்பில் ஆர்வம் மிகுந்தவர். ஸ்பானியப் பெருங்கதையாகிய டான் குவிக்ஸோட்டை மூலத்திலேயே படிக்க வேண்டுமென்று, ஆசிரியர் துணையின்றி அம்மொழியைக் கற்றார் என்பர். கிளாஸ்கோ கலாசாலையில் பயின்றபின் ஒரு வாணிகசாலையில் கணக்கு வேலையில் அமர்ந்தார்.

அச்சமயத்தில் அமெரிக்கர் சுதந்தரப் போர் மூண்டது. கடலுக்கு அப்பால் இருந்த கடன்கள் வசூலாகவில்லை. தந்தையாரின் வாணிகம் முறிந்தது. வண்டியும் வேலைக்காரருமாக இருந்த குடும்பம் கைப்பொருள் இழந்து நின்றது. ஒரு நாட்டின் விடுதலைப் போரால் செல்வம் இழந்த வீட்டுப் பிள்ளை, பின்னாளில் மற்றொரு நாட்டின் விடுதலையைப் பற்றி என்ன எழுதினார் என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம். கம்பெனிப் படையில் சிப்பாய்ப் பயிற்சி அதிகாரியாக இடம் கிடைத்தது. கப்பற்கூலிக்கும் வழியின்றி, கப்பலிலேயே வேலை செய்துகொண்டு, 1780-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னைக் கரையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 18.

அந்த ஆண்டே ஐதர் அலி கருநாடகத்தின் மீது படையெடுத்தார். செப்டம்பர் 10-ஆம் நாள் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அருகிலிருந்த பெரும் படையில் மன்றோ இருந்தார். பீரங்கியோசை காதில் விழும் தொலைவிலிருந்தும் உதவ முடியாமல் அப்படை சென்னைக்குத் திரும்பியது. பின்பு ஸர் அயர் கூட்டின் கீழ்ப் பரங்கிப்பேட்டை, சோளிங்கர் முதலிய போர்களில் நான்காண்டுகள் நடந்து தேய்ந்தார்.

கீழ்த்திசை நாடுகளில் பொன் மரத்தில் காய்க்கும் என்று சீமையில் இருந்தோர் எண்ணியிருந்த காலம் அது. மன்றோவின் தங்கை எர்ஸ்கினும் அவ்வாறே எண்ணியிருந்தாள் போலும். 1789-இல் அவளுக்கு எழுதிய கடிதத்தில் மன்றோ தம் நிலையைச் சிரிப்பும் துயரமும் கலந்து விளக்குகின்றார். இந்நாட்டுக்கு வரும்வரை பசி, தாகம், களைப்பு, வறுமை என்னும் நான்கையும் தாம் அறிந்ததில்லை என்றும், வந்தபின் முதல் மூன்றும் அடிக்கடி வந்து போகின்றன, நான்காவது மட்டும் விட்டுப் பிரிவதே இல்லை என்றும் கூறுகின்றார். வந்து மூன்றாண்டுகள் வரை தலையணை என்று ஒன்று இல்லை. ஒரு புத்தகமோ தோட்டாப் பையோ தலைக்கு உதவியது. படுக்கையோ குறுக்குக் கம்புகளில் இழுத்துக் கட்டிய கித்தான். குளிர்காலத்தில் சீமையிலிருந்து கொண்டுவந்த பெரிய சட்டையின் கைகளுக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு, அதன் கீழ்ப்பகுதியைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்வார். அன்று உண்டது அரைகுறையாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி; மறுநாளைக்கு வாழைப்பழப் பணியாரம் கிடைக்கலாம் என்பது நம்பிக்கை. கேழ்வரகுக் கூழறிந்த நம்மவர்க்கு இதில் இரக்கத்தைவிட உறவுதான் மிகுதியாகத் தோன்றும்.

அதே கடிதத்தில் இன்னொரு செய்தி உண்டு. வங்காளத்தில் இருந்த தம் சகோதரர் அலெக்ஸாண்டரும் தாமும் சேர்ந்து தந்தையாருக்கு ஆண்டுக்கு 100 பவுன் அனுப்ப உடன்பட்டிருப்பதாக எழுதுகின்றார். நிலுவைச் சம்பளம் கைக்கு வந்தால் அந்த ஆண்டு 200 பவுன் அனுப்புவதாகவும் சொல்லுகின்றார். தலையணை வாங்கப் பணமில்லாதவன் தந்தைக்குப் பணம் அனுப்பினான் என்பதை நாம் பெரிதாகப் பாராட்டிச் சொல்ல வேண்டுவதில்லை. இதைப் படிக்கும் பெற்றோர் பலருக்கு அது தம் வீட்டுக் கதையே.

1792-இல் திப்பு சுல்தானோடு உடன்படிக்கை ஆயிற்று. சேலமும் பாராமகாலும் கம்பெனியார் வசமாயின. பாராமகால் என்பது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி. காப்டன் அலெக்ஸாண்டர் ரீடு அதன் அதிகாரியாக நியமிக்கப்பெற்றார். மக்லியாட், கிரஹாம், மன்றோ ஆகிய மூவரும் அவருக்கு உதவியாளர். மூவரும் படை வீரரே. வருவாய் வேலைக்குச் சிவில் உத்தியோகஸ்தர்களை விடுத்துப் படைவீரரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. குடிகளோடு பேசக்கூடிய பாஷைகளை அறிந்தோர் சிவிலியர்களுள் அரியர். மன்றோவோ இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றிருந்தார். அவருக்குத் தருமபுரி தலைமையிடமாயிற்று. 1799 வரை ஏழாண்டுகள் இங்கு இருந்தார்.

அவ்வேழாண்டின் வேலை எளிதன்று. பல போர்களில் சிக்கிச் சிதறிய சீமை அது. கிராமங்கள் பாழ், ஏரிகள் உடைப்பு, கணக்கர் மறைத்த நிலங்கள். ஒவ்வொரு வயலையும் அளக்க வேண்டும். மண்ணின் தரம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குடியானவனோடும் தீர்வை பேச வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி கூடாரத்திலேயே கழிந்தது. கூடாரத்தைச் சுற்றிக் குடிகள் கூடி ஒரே சமயத்தில் பேசுவதையும், இவனைவிட எனக்குத் தீர்வை அதிகம் என்று அயலானைக் காட்டி வழக்கிடுவதையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதாக வீட்டுக்கு எழுதினார். காது மந்தமான ஒருவர் இவ்வேலையை மேற்கொண்டார் என்பதை நினைக்க வியப்பாகவே இருக்கின்றது. கேட்பதில் குறையுள்ளவன் கவனித்துக் கேட்கப் பழகுகின்றான் போலும்.

இங்கே பிறந்ததுதான் ரயத்துவாரி முறை. இடையில் ஜமீன்தார், குத்தகைக்காரர் என்று எவரையும் வையாமல், உழுகின்றவன் பெயரிலேயே பட்டா கொடுத்து, அவனிடமே நேரே தீர்வை வாங்குவது அது. எந்நிலத்தை வைத்துக்கொள்வது, எதனை விட்டுவிடுவது என்பது ஆண்டுதோறும் குடியின் விருப்பம் என்று 1796-இல் ரீடு அறிவித்தார். பெருமை ரீடுக்கே உரியது. மன்றோ அதனை என்றும் மறுத்ததில்லை. தம் மேலதிகாரியின் நடத்தையைச் சொந்த மானமும் பொது நன்மையும் மட்டுமே நடத்துகின்றன என்று நன்றியோடு எழுதிவைத்தார். மேலதிகாரியின் புகழைத் தன்னதாக்கிக்கொள்ளும் உதவியாளர் எக்காலத்தும் உண்டு. இவர் அவர்களுள் ஒருவர் அல்லர்.

முறை நல்லதாயினும் தீர்வை பளுவானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிற்காலத்தில் கீழ் உத்தியோகஸ்தர் குடிகளை வதைத்துத் தீர்வை வாங்கிய கொடுமைகளைச் சென்னை மாகாணத்தின் 1855-ஆம் ஆண்டுச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிப்படுத்திற்று. ஆயினும், மன்றோ சென்ற பின் நம் சீமையில் நடந்ததை நோக்குக. 1802 முதல் ரயத்துவாரியை நீக்கி, கிராமங்களை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் போட்டனர். ஏலத்தில் எடுத்த மிட்டாதார்கள் பலர் சில ஆண்டுகளுக்குள் முறிந்தனர். மிட்டா என்னும் சொல் இன்னும் நம் பழைய பத்திரங்களில் கிடக்கின்றது.

தருமபுரியில் மன்றோ ஒரு தோட்டம் போட்டார். அதன் பெரும்பகுதி அவரே உண்டாக்கியது. ஓய்வு நேரம் அதிலேயே கழிந்தது. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவரை மேற்குக் கடற்கரைக் கன்னட நாட்டுக்கு மாற்றினர். உத்தியோகம் உயர்ந்தது, மனம் உவக்கவில்லை. அப்போது எழுதிய கடிதம் நாம் கருத்தூன்றிப் பார்க்கத்தக்கது. தம் தாய்நாட்டை விட்டு வந்தபோது உற்றதைவிட ஆழ்ந்த வருத்தத்தோடு பாராமகாலை விட்டுச் செல்வதாகச் சொல்லுகின்றார். அன்று புதிய நாடுகளில் கிட்டப்போகும் இன்பக் கனவு மனத்தை நிரப்பியிருந்தது. இன்று இழந்ததற்கு ஈடாகப் போகுமிடத்தில் ஒன்றுமில்லை. இருபதாண்டு வாழ்வால் அன்புக்குரியனவாகிவிட்ட நாடும் நண்பரும் பின்னே நிற்கின்றனர் என்கின்றார். தருமபுரியைப் போன்ற இடம் இங்கிலாந்திலும் இல்லை, ஏன், ஸ்காட்லாந்திலும் இல்லை என்று சொல்லிவிட்டு, காடடர்ந்த மலைகள் சூழ்ந்த அகன்ற செழும் பள்ளத்தாக்கின் நடுவே அது அமைந்திருப்பதை வருணிக்கின்றார். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் வாயிலிருந்து இச்சொல் வருவது எளிதா? அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த தகடூர் என்பதை அவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, அம்மண் அவருக்கும் எதையோ ஈந்திருந்தது.

கன்னட நாட்டிலிருந்து கடப்பை, பல்லாரி முதலிய பகுதிகள் அடங்கிய தத்த மண்டலத்துக்குச் சென்று 1807 வரை கலெக்டராக இருந்தார். அங்கே தீர்வையில் நூற்றுக்கு 25 பங்கு குறைக்க வேண்டுமென்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடத்தார் அப்போது இசையவில்லை. பின்னர்த் தாமே கவர்னராக வந்தபின் அக்குறைப்பை நிறைவேற்றினார்.

அவருடைய தெய்வ நம்பிக்கையைப் பற்றி நம்மவரிடையே வழங்கும் கதைகள் பல. மந்திராலயத்து மடத்தின் நிலத்தைப் பற்றி விசாரிக்கச் சென்றபோது, ஜீவசமாதி கொண்ட ராகவேந்திர சுவாமிகள் அவர் கண்ணுக்கு மட்டும் தோன்றிப் பேசினார் என்று பக்தர் கூறுவர். திருமலையில் மன்றோ கங்காளம் என்னும் பெயரால் வேங்கடவனுக்குப் பொங்கல் நிவேதனம் உண்டு. நோய் நீங்கிய நன்றிக்கு அவர் ஏற்படுத்தியது என்பது வழக்கு. இக்கதைகளை நாம் ஆராயப் புகவில்லை. மன்றோ மதத்தைப் பற்றி அதிகம் பேசியவர் அல்லர். தாம் கவர்னராக இருந்தபோது, உதவிக் கலெக்டர் ஒருவர் தம் பதவியைக் கொண்டு கிறிஸ்தவ நூல்களை ஊராரிடையே பரப்பியதைக் கண்டித்தார் என்பது மட்டும் உறுதி. அரசாங்க ஊழியன் குடிகளின் மதத்தில் தலையிடலாகாது என்பது அவர் கொள்கை.

அவருடைய மற்றொரு நம்பிக்கை, மனிதர் மேல் வைத்தது, எழுத்தில் இருக்கின்றது. 1807-இல் விடுமுறையில் சீமை சென்றவர் 1813-இல் பார்லிமெண்டுக் குழுவின் முன் சாட்சி சொல்ல அழைக்கப்பெற்றார். இந்தியரை நாகரிகப்படுத்த வேண்டும் என்னும் பேச்சு அங்கு ஓங்கியிருந்தது. நல்ல உழவு முறை, ஒப்பற்ற கைத்தொழில், ஊர்தோறும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் பள்ளிகள், விருந்தோம்பல், பெண்டிரை மதிக்கும் பண்பு ஆகியவையே நாகரிகமென்றால் இந்துக்கள் ஐரோப்பியருக்குத் தாழ்ந்தவரல்லர் என்றார். இரு நாட்டுக்குமிடையே நாகரிகம் ஒரு வாணிகச் சரக்கானால், இறக்குமதியால் லாபம் அடைவது இங்கிலாந்தே என்றும் கூறினார். அந்தச் சபையில் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். ஊர்தோறும் கூடாரமடித்து ஏழாண்டு குடிகளின் வழக்கைக் கேட்டவரன்றோ! கண்டதைச் சொன்னார்.

1814-இல் ஜேன் காம்பெல் அம்மையாரை மணந்து மீண்டும் இந்தியா வந்தார். 1820-இல் சென்னைக் கவர்னரானார். கவர்னரானதும் ரயத்துவாரியை மாகாணத்தின் பொதுமுறையாக்கினார். 1822-இல் ஜில்லாதோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். அறிக்கைகள் சேர்ந்தபோது 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருப்பதாகத் தெரிந்தது. பள்ளிக்குப் போகாதோர் தொகையோடு ஒப்பிட்டால் இது போதாதென்று கண்டு, தாலுகாதோறும் ஒரு பள்ளி வைக்கத் திட்டமிட்டார். ஆனால் தம் நாட்டு நிலையைவிடத் தாழ்ந்ததாயினும், ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலானவற்றின் சென்ற காலத்து நிலையைவிட இது மேலானது என்று குறிப்பிட மறக்கவில்லை.

1824-ஆம் ஆண்டு இறுதியில் அவர் எழுதிய நீண்ட குறிப்பு புகழ்பெற்றது. இந்நாட்டைப் பிடித்த வேறு எவரும் குடிகளைக் கம்பெனியார் போல் நம்பத்தகாதவர் என்று ஒதுக்கியதில்லை என்று தம் இனத்தாரையே கடிந்தார். உயர்ந்த உத்தியோகங்களில் இந்தியரை வைக்க வேண்டும். பொறுப்புக் கொடாமல் ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது தவறு. இவர்கள் தம்மைத் தாமே ஆளத்தக்கவராகும் நாள் வரும், அன்று நம் ஆட்சி படிப்படியே விலகுவதே இரு நாட்டுக்கும் நலம் என்பது அதன் கருத்து. அமெரிக்கர் விடுதலையால் தந்தையின் செல்வம் அழியக் கண்ட பிள்ளை எழுதியது இது. நாம் சுதந்தரம் பெற்றது அதற்கு 123 ஆண்டுகள் கழித்து. அதுவும் பிறர் தந்து பெற்றதன்று. ஆயினும் எழுதிய காலத்தையும் எழுதியவர் இருந்த நாற்காலியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதவியை விட்டு ஊர் திரும்ப 1823-லேயே விண்ணப்பித்திருந்தார். பர்மியப் போர் வந்தது; இருந்தார். 1826-இல் இளைய புதல்வனின் உடல்நலங் கருதி மனைவியார் குழந்தையோடு சீமைக்குக் கப்பலேறினார். அதன்பின் கிண்டி மாளிகையில் தனியே நுழைந்து, குழந்தையின் ஓட்டமும் பேச்சும் இல்லாத அறைகளைக் கண்டு மனம் கலங்கியதை மனைவிக்கு எழுதினார். மாகாணத்தையே ஆண்டவர்க்கும், அயல்நாட்டில் வெறும் வீட்டுக் கதவைத் திறப்பவனுக்கு நேர்வதே நேர்ந்தது. கித்தான் படுக்கையில் சிரித்த வாலிபரை அக்கடிதத்தில் காண முடியவில்லை.

அடுத்த கவர்னர் நியமனமாகிவிட்டார். ஊர் திரும்புமுன் பழைய தத்த மண்டலத்துக் குடிகளை ஒருமுறை பார்த்துவர வேண்டுமென்று 1827-ஆம் ஆண்டுக் கோடையில் புறப்பட்டார். அவ்வழியெங்கும் வாந்திபேதி பரவியிருந்தது. கர்நூலை அடுத்த பத்திகொண்டாவில் அந்நோய் அவரைப் பற்றியது. ஜூலை 6-ஆம் நாள் இரவு கூடாரத்திலேயே உயிர் நீங்கியது. வயது 66. கூத்தியில் அடக்கம் செய்தனர். 1831-இல் சென்னைக் கோட்டை மாதாகோயிலுக்கு எலும்புகளைக் கொண்டுவந்தனர். அவர் இறந்த இடத்தில் ஒரு தோப்பு வைத்துக் கிணறு வெட்டினர்.

சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் அமர்ந்த அவர் சிலையை நம்மவர் பலரும் பார்த்திருப்பர். சிற்பி சாண்ட்ரி செய்தது, 1839-இல் நிறுவப்பெற்றது. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை அது. தருமபுரியில் அவர் நினைவாக ஒரு தூண் நிற்கின்றது. அவ்வழியே போவோர் ஒருமுறை நின்று பார்த்துச் செல்லலாம். கடப்பைச் சீமையில் சிலையும் தூணும் எழுமுன்பே குடியானவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைக்கத் தொடங்கியிருந்தனர்.